வியட்நாம் வேலை: பொடுசுகளையும் கூட்டிட்டுப் போறதா, ஊர்லயே இருக்கறதா?

பெருந்துறைக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசருங்க, ஆர்டர் புடிச்சு சரக்கு அனுப்பற வரைக்கும் பாத்துக்கற வேலை. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதம் வரி போட்டப்ப வியட்நாமுக்கு 20 தானுங்களே, இவங்ககிட்ட சரக்கு வாங்கற பையரு ஆர்டரத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு, இப்ப அந்த பையர் ஆபீஸ்லயே இவரக் கூப்புட்டு ஹோசிமின் சிட்டில வேலை குடுக்கறாங்க. பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. இவரு ஒட்டுக்கா போயிரலாங்கறாரு. அத்தை, "அவன் மட்டும் போய்ட்டு வரட்டும், நீயும் கொழந்தைகளும் இங்கயே இருங்க"ங்கறாங்க. பொடுசுகளோட வெளிநாடு போனவங்க கொஞ்சம் சொல்லுங்க.

சைகான் கொங்கன்:
யோசிக்கவே வேண்டாமுங்க அக்கா, கெளம்புங்க. நாங்க கொழந்தையோட இங்க ஹோசிமின் சிட்டிலதான் இருக்கறோம், சைகான்ங்கறது இதோட பழைய பேரு. ஊடு பாக்கறப்ப பழைய டிஸ்ட்ரிக்ட் 7ல பூ மி ஹுங் பக்கம் பாருங்க, கொரியாக்காரங்க நெம்ப பேரு குடும்பத்தோட இருக்கற ஏரியா, ஸ்ட்ரோலர் தள்ளிட்டுப் போற மாதிரி பிளாட்பாரம் இருக்கு, பார்க் இருக்கு. நம்மூர விட ஒன்றரை மணி நேரந்தான் முன்னால, அதனால சாயங்காலம் தாத்தா பாட்டிகூட வீடியோ கால் பேசலாம், கொழந்தைகளோட தூக்கமும் கெடாது. சாப்பாடு பயப்படாதீங்க, அரிசி நாடு. காலைல கடைல விக்கற பூன்ங்கறது அப்படியே நம்ம சந்தகை (இடியாப்பம்) மாதிரிதான், தேங்காப்பாலுக்குப் பதிலா மீன் தண்ணி ஊத்தறான், அத வேண்டாம்னு சொல்லிட்டு வெறுமனே வாங்கிட்டு வந்து தேங்காப்பாலு சர்க்கரை ஊத்திக் குடுத்தா என்ற பையன் ரெண்டு தட்டு திம்பான். சந்திர மாசத்துல மொதநாளும் பதினஞ்சாம் நாளும் அங்கத்த ஆளுங்களே நெறைய பேரு சைவந்தான். பழைய டிஸ்ட்ரிக்ட் 1ல மாரியம்மன் கோயிலு இருக்கு, அந்தக் காலத்துல போன தமிழாளுங்க கட்டுனது, இப்ப வியட்நாம்காரங்கதான் எச்சா வந்து கும்புடறாங்க. அப்பறம் கொழந்தைன்னா அந்த ஊர்க்காரங்களுக்கு உசிரு, ஹோட்டல்ல நீங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பரிமாறற புள்ள தூக்கி வச்சுக்கும்.

தாராபுரத்தான்:
தம்பி சொல்றதெல்லாம் டூர் போறவனுக்கு சரி. குடித்தனம் பண்றவங்களுக்கு கணக்கு வேற. பையிங் ஆபீஸ் வேலைன்னா ஷிப்மென்ட் டைம்ல ராத்திரி எத்தன மணிக்கு ஊட்டுக்கு வருவாங்கன்னு மெர்ச்சண்டைசர் பொண்டாட்டியக் கேட்டா தெரியும். இந்த அம்மிணி ரெண்டு கொழந்தைய வச்சுட்டு பத்தாவது மாடியோ இருவதாவது மாடியோ ஒரு அபார்ட்மென்ட்ல, பாஷை தெரியாம, மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் மழை, டெங்கு கொசு வேற. கூட வர்ற குடும்பத்துக்கு குடுக்கற விசால தனியா பெர்மிட் வாங்காம வேலைக்கும் போக முடியாது. என்ற தங்கச்சி ஜகார்த்தால இதே பாடு பட்டா. பொடுசுக்கு ஒரு காச்சல்னா தூக்கிக்கறதுக்கு மாத்து ஆளில்ல. இங்க அப்பத்தா இருக்காங்க, அம்மாயி இருக்காங்க, தோட்டத்துல ஆட்டுக்குட்டி கூட ஓடுனா பொழுது போயிரும். நாலு வயசுல பாத்த வியட்நாம் பெரியவனானா ஞாபகம் இருக்குமாக்கும்?

சைகான் கொங்கன்:
டெங்கு கோயமுத்தூர்ல இல்லீங்களா? அப்பறம் ஞாபகம் இருக்குமான்னா அப்பன் மூஞ்சியும்தான் ஞாபகம் இருக்காது, அவரு வருசத்துக்கொருக்கா நோம்பிக்கு சாக்லேட் பொட்டியோட வந்துட்டுப் போனா. தனியா போன நம்ம திருப்பூர் ஆளுங்க நாலு பேரு ஒரே ரூம்ல, ஞாயித்துக்கிழமையானா போனப் புடிச்சுட்டு ஒக்காந்திருப்பாங்க, அந்தப் பக்கம் கொழந்தை "டாட்டா"ன்னு சொல்லிட்டு ஓடிரும். அதையப் பாத்துட்டுதான் நான் குடும்பத்தக் கூட்டிட்டு வந்தேன்.

கிராப்னு ஆப்ல கூப்புடற பைக் டாக்சில மட்டும் கொழந்தைகள ஏத்தாதீங்க, கார் போடுங்க. ஆறு வயசுக்கு மேல ஹெல்மெட் சட்டம், அதுக்குக் கீழ கேக்கறதில்ல, அதனாலயே நாலு வயசுக்காரன தலைல ஒண்ணுமில்லாம நிக்க வச்சுட்டுப் போறாங்க. நம்மூர்ல டிவிஎஸ் பிப்டில முன்னால நிக்க வச்சுட்டுப் போறமே அதே கூத்து.

அவிநாசி டீச்சர்:
ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கறீங்க, ஸ்கூல் பத்தி வாயத் தொறக்கக் காணோம். ஏனுங்க அம்மிணி, சின்னவ பிரச்சனையே இல்ல. பெரியவனுக்கு ஆறு வயசாகறதுக்கு ரெண்டு வருசந்தான். அங்கத்த கவருமெண்டு ஸ்கூல்ல பாடம் வியட்நாம் பாஷைல, அதுல ஒரே எழுத்துக்கூட்டு ஏத்தி எறக்கிச் சொன்னா அர்த்தம் மாறிரும், கொழந்தை வெசையா புடிச்சுக்கும், வீட்டுப்பாடம் சொல்லிக்குடுக்க உங்களுக்குத்தான் வராது. இன்டர்நேஷனல்னா பெரிய ஸ்கூல்கள்ல ஒண்ணாங்கிளாசுக்கே வருசம் 20,000 டாலருக்கு மேல. கம்மியா வாங்கற ஸ்கூலும் இருக்கு, ஆனா நம்ம எல்கேஜி பீஸ நெனச்சுட்டுப் போகாதீங்க. பெரிய வெள்ளைக்கார கம்பெனி இங்கிருந்து அனுப்பறவங்களுக்கு பீஸக் கம்பெனியே கட்டும், அங்கயே ஆளெடுக்கற மாதிரி எடுத்தா பெரும்பாலும் கட்டாது. உங்க ஊட்டுக்காரரு ஆபர் லெட்டர்ல பீஸ் கட்டறோம்னு எழுதியிருக்குதான்னு மொதல்ல பாருங்க.

பசங்க திரும்பி வந்தா தமிழ் எழுத்து தடுமாறும், அதுக்கு ஒரு வருசம் பொறுமையா ஒக்காந்தா சரியாயிரும். எங்கிட்ட வந்த பசங்க எல்லாரும் தேறிட்டாங்க, அதுக்காக பயப்படறது வீண்.

தாராபுரத்தான்:
டீச்சரம்மா சொன்னதத்தான் நானும் சொல்றேன், பணம். பீஸ் கட்டி, வாடகை கட்டி, வருசத்துக்கொருக்கா நாலு டிக்கெட் எடுத்தா ஊருக்கு என்னத்த அனுப்பறது? அப்பறம் எதுக்கு அங்க போகோணும், திருப்பூர்லயே இருக்கலாமே.

பெருந்துறைக்காரி:
எல்லாரும் நெம்ப நல்லா சொன்னீங்க. ஆனா கொழந்தைக, பணம், அவரு, இதப் பத்தியே பேசறீங்க. நான் இங்க இருந்தா என்னன்னு யாரும் கேக்கலீங்க. தாராபுரத்துண்ணா, தோட்டத்துல ஆட்டுக்குட்டி கூட ஓடுனா பொழுது போகும்னீங்க, அது கொழந்தைகளுக்கு. காலைல கட்டுத்தரைல இருந்து ராத்திரி ஒறம்பரைக்கு பாய் போடற வரைக்கும் யாரு செய்யறதுங்க? அத்தைக்கு முட்டி வலி. அம்மாயின்னா எங்கம்மா, அவங்க ஊடு பல்லடம், மாசத்துக்கொருக்கா போறதுக்கே கேட்டுட்டுப் போகோணும். காச்சல்னா இங்கயும் நாந்தான் தூக்கிக்கறேன். மாடில தனியா இருந்தா பைத்தியம் புடிக்கும்ங்கறீங்க, புடிக்கலாம். இருந்தாலும் ஒருக்கா பாக்கலாம்னு இருக்குதுங்க.

டீச்சரம்மா, லெட்டர்ல ஸ்கூல் பீஸ் பத்தி ஒண்ணுமே இல்லீங்க. இவர கேக்கச் சொல்றேன். கொங்கண்ணா, பேப்பர் என்னென்ன வேணும்?

சைகான் கொங்கன்:
கல்யாண சர்ட்டிபிகேட், ரெண்டு கொழந்தைக்கும் பிறப்பு சர்ட்டிபிகேட். இதுக்கெல்லாம் நம்ம வெளியுறவுத்துறை முத்திரை வாங்கோணும், அவசரத்துல விட்றாதீங்க. பேர்ல ஒரு இனிசியல் மாறியிருந்தாக்கூட நிறுத்திருவாங்க. சிலரு 90 நாள் ஈ-விசால வந்து பாத்துட்டு முடிவு பண்றாங்க, அது ஒரு வழி. சின்னவளுக்கு பாஸ்போர்ட் இல்லீன்னா இப்பவே போடுங்க, கொழந்தைகளுக்கு 5 வருசத்துக்குத்தான் குடுப்பாங்க. தடுப்பூசி அட்டைய ஒரிஜினலே கைல எடுத்துட்டு வாங்க. பிளைட்டுக்கு கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூர் மாறி வரலாம், இல்லீன்னா கொச்சில இருந்து நேரா வியட்ஜெட் 2023ல ஆரம்பிச்சாங்க, டைம் ஒருக்கா பாத்துக்குங்க.

தாராபுரத்தான்:
போறதுன்னா போய்ட்டு வா அம்மிணி, ஈ-விசாலயே மொதல்ல பாரு. ஆனா அந்த லெட்டர்ல ஸ்கூல் பீஸ் கட்டறோம்னு எழுதி வராம இங்கத்த ஸ்கூல்ல டீசி வாங்கிப்போடாத.