12 வோல்ட் பேட்டரியில் எல்இடி கரண்ட் நிலையாக நிற்கவில்லை

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டைச் சுற்றி தேயிலைதான், இருட்டினால் காட்டெருமை வாசல்வரை வந்துவிடுகிறது. அம்மா விடிவதற்கு முன்பே தொழுவத்துக்குப் போவார்கள், அந்தப் பாதைக்கு வெளிச்சம் வேண்டுமென்று சோலார் பேட்டரியிலிருந்து 1 வாட் வெள்ளை எல்இடி மூன்றைத் தொடராக இணைத்து 6.8 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். கணக்குப்படி 350 மில்லி ஆம்பியர். இரண்டு மாதத்தில் இரண்டு செட் போய்விட்டது. சரி என்று எல்எம்317 ஐசியை 3.6 ஓமுடன், கரண்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டராகப் போட்டால், சாயங்காலம் 345 காட்டுகிறது, விடியும்போது 200-க்குக் கீழே. குளிர்தான் காரணமா?

குன்னூர் ஈயப்பத்தி:
தம்பி, குளிருக்கும் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. ஒரு டிகிரி குறைந்தால் ஒரு எல்இடிக்கு 2, 3 மில்லிவோல்ட் கூடும், 15 டிகிரி இறங்கினாலும் மூன்றுக்கும் சேர்த்து 0.1 வோல்ட் சொச்சம்தான். உன் பிரச்சினை பேட்டரி. எல்எம்317 தன் ரெசிஸ்டரில் 1.25 வோல்ட் பிடித்துக்கொள்ளும், ஐசிக்கே இன்னும் ஒன்றே முக்கால் வோல்ட் வேண்டும், ஆக 3 வோல்ட். எல்இடிகளுக்கு 9.5 போனால் 12.5-க்கு மேல் இருந்தால்தான் அது ரெகுலேட் செய்யும். விடியற்காலை உன் பேட்டரி 12-க்கும் கீழே இருக்கும்.
முதல் இரண்டு செட் எரிந்தது இதற்கு நேரெதிர்க் கதை. காலையில் அணைக்காமல் விட்டீர்களா? வெயில் ஏறி சார்ஜர் 14.4-க்குப் போனால், அந்த 6.8 ஓமில் கரண்ட் 600-ஐத் தாண்டிவிடும்.

கோத்தகிரிக்காரன்:
ஆமாம் அண்ணா, மூடுபனி நாளில் அணைக்கவே மாட்டோம். திடீரென்று மேகம் விலகி வெயில் அடிக்கும். அதுதான் நடந்திருக்கிறது.

கொடைக்கானல் டிரைவர்:
இந்த வேலைக்கு ஸ்விட்சிங் டிரைவர்தான் சரி, அதாவது வேகமாக ஆன்-ஆஃப் செய்தே வோல்டேஜைக் குறைத்து கரண்ட்டை நிலையாக வைக்கும் பக் வகை. பிடி4115 ஐசி போடுங்கள், 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும். 0.1 வோல்ட்டை சென்ஸ் ரெசிஸ்டரால் (ஐசி கரண்ட்டை அளந்துபார்க்கும் ரெசிஸ்டர்) வகுத்தால் கரண்ட் வரும், 0.27 ஓம் என்றால் 370. ஒரு சதவீத ரெசிஸ்டராக வாங்குங்கள், சாதாரண 5 சதவீதம் போட்டுவிட்டுத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. டையோடு ஷாட்கி வகை (வோல்டேஜ் இழப்பு குறைவானது), காயில் 68 மைக்ரோஹென்றி. மூன்று எல்இடிக்கு பேட்டரி பத்தரை வோல்ட்டுக்கு வந்தாலும் கரண்ட் இறங்காது (அந்த அளவுக்கு பேட்டரியை இறங்க விடாதீர்கள், அது வேறு விஷயம்).

கோத்தகிரிக்காரன்:
கோவைக்கு இறங்கியபோது எல்லாம் வாங்கிவந்து போட்டுவிட்டேன். ஆனால் மீட்டர் 310 தான் காட்டுகிறது. 370 எங்கே போனது?

குன்னூர் ஈயப்பத்தி:
மீட்டரை பேட்டரி பக்கம் வைத்தாயா? பக் டிரைவரில் உள்ளே போகும் கரண்ட்டும் எல்இடியில் ஓடும் கரண்ட்டும் ஒன்றல்ல, வோல்டேஜ் குறைகிற கணக்குக்கு கரண்ட் கூடும். எல்இடியோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதன் குறுக்கே மில்லிவோல்ட் அள, அதுவே மில்லி ஆம்பியர்.

கோத்தகிரிக்காரன்:
அப்படியே அளந்தேன் அண்ணா, 355 வருகிறது. மீதி 15?

கொடைக்கானல் டிரைவர்:
சென்ஸ் ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் நடுவே ஒயரோ நீளமான ஈயமோ இருக்கிறதா? அங்கே 0.012 ஓம் கூடினாலே 355 ஆகிவிடும். மொத்தமே 100 மில்லிவோல்ட்டை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. ரெசிஸ்டரின் இரு கால்களிலிருந்தும் நேராக ஐசிக்குத் தனித்தனிக் கம்பி இழுங்கள், எல்இடி கரண்ட் அந்தக் கம்பி வழியாக ஓடக்கூடாது.

கோத்தகிரிக்காரன்:
2 அங்குல ஒயர் இருந்தது, எடுத்துவிட்டுக் கம்பி மாற்றினேன். நேற்று சாயங்காலம் 368, இன்று விடியற்காலை பேட்டரி 11.9-ல் இருக்கும்போது 367. அம்மா தொழுவம்வரை டார்ச் இல்லாமல் போய்வந்தார்கள். இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா.