வீட்டுக் கணினிக்கு எந்த இலவச ஆன்ட்டிவைரஸ் நல்லது? அவசரமாக உதவி தேவை

மின்மினி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, பாதுகாப்பு இன்றுடன் முடிகிறது’ என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பாடக் குறிப்புகளும், வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்த கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. பணம் கட்டி வாங்கும் நிலையில் இப்போது இல்லை. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய மூன்றில் எதை நிறுவலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் இன்றிரவே இறக்கிக்கொள்வேன். மூன்றையும் சேர்த்து நிறுவினால் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
வணக்கம் அம்மா. மூன்றையும் சேர்த்து நிறுவ வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆன்ட்டிவைரஸ் இடைமறித்து அதைச் சோதிக்கிறது. அந்த வேலையில் இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் இறங்கினால், ஒன்று திறப்பதை மற்றொன்று சோதிக்கத் தொடங்கிக் கணினி நகராமல் நின்றுவிடும். மற்றபடி, விண்டோஸின் எந்தப் பதிப்பு, ரேம் எவ்வளவு, ஏற்கெனவே ஏதேனும் ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதா, அந்த எச்சரிக்கைப் பெட்டியில் எந்த மென்பொருளின் பெயர் தெரிகிறது ஆகிய நான்கையும் தெரிவித்தால்தான் பொருத்தமான பதிலைச் சொல்ல முடியும்.

கருவேலம்:
பதிப்பு எதுவாக இருந்தாலும் அவாஸ்ட் போதும். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் கடையிலும் அதைத்தான் வைத்திருக்கிறோம். இதுவரை ஒரு தொல்லையும் வந்ததில்லை. நிறுவும்போது கூடுதலாக ஓர் உலாவியையும் நிறுவலாமா என்று கேட்டால், அங்கே உள்ள குறியை எடுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

நெய்தல்:
கேட்டவர் மூன்று பெயர்களைக் குறிப்பிட்டாலும் அவை மூன்றும் இன்று ஒரே நிறுவனத்திடம்தான் உள்ளன. செக் நாட்டின் அவாஸ்ட் 2016இல் ஏவிஜியை வாங்கியது. பிறகு அமெரிக்காவின் நார்ட்டன்லைஃப்லாக் 2021இல் ஜெர்மனியின் அவிராவையும் 2022இல் அவாஸ்ட்டையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, ஜென் டிஜிட்டல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எனவே இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய வேறுபாடு கிடையாது. அதைவிட முக்கியமானது, அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்த இணையத்தளங்களுக்குச் சென்றார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றுவந்தது என்பது. 2020 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அதை வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் சொன்னதோடு, விளம்பரத்துக்காக அத்தகைய விவரங்களை விற்கவும் தடை விதித்தது. பாதுகாப்புக்காக வைத்த மென்பொருளே இதைச் செய்தது என்பதை மறந்துவிட்டு ஒரு குடும்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கருவேலம்:
அது முடிந்துபோன கதை. இப்போது அந்த விற்பனையும் இல்லை, அந்தத் துணை நிறுவனமும் இல்லை. வைரஸைப் பிடிக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி.

வைகறை:
இந்தக் கேள்வி இங்கே மாதந்தோறும் கேட்கப்படுகிறது, மாதந்தோறும் இதே பதில்தான் தரப்படுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் வருவதில்லை. விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்பதைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற முழுமையான ஆன்ட்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள் என்ற கணக்கில் நடத்தும் சோதனைகளில் டிஃபென்டர் முழுப் புள்ளிகளைப் பலமுறை பெற்றிருக்கிறது. அடிப்படை விவரம்கூடத் தராமல் கேட்கும் கேள்விக்கு இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

பனையோலை:
கடிந்துகொள்ளாமல் சொல்லலாமே வைகறை ஐயா, கேட்டவர் பதற்றத்தில் இருக்கிறார்.
அம்மா, உங்கள் மகள் ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகிப் பிரதி எடுப்பதுண்டா? பெரும்பாலும் தொற்று அங்கிருந்துதான் வருகிறது. கோப்புறைகள் எல்லாம் குறுக்கு வழிச் (ஷார்ட்கட்) சின்னங்களாக மாறி, உண்மையான கோப்புகள் பெயரே இல்லாத ஒரு மறைந்த கோப்புறைக்குள் போய்விடும். அந்தச் சின்னத்தை அழுத்தினால் கோப்பும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். இந்த வகையில் பரவிய கமாரு (ஆன்ட்ரோமெடா என்றும் சொல்வார்கள்) என்ற வைரஸ் பிடித்த கணினிகளின் வலைப்பின்னலை 2017 இறுதியில் யூரோபோலும் எஃப்பிஐயும் சேர்ந்து முடக்கிய பிறகும் பழைய பென்டிரைவ்களில் அதன் மிச்சம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இத்தகைய தொற்றை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

மின்மினி:
பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. விண்டோஸ் 10 என்று நினைக்கிறேன். ரேம் 4 ஜிபி. கணினியை வாங்கியபோதே ஓர் ஆன்ட்டிவைரஸ் போட்டிருந்தார்கள், அதன் காலம் முடிந்துவிட்டது. பென்டிரைவ் நாங்கள் பயன்படுத்துவதில்லை. எச்சரிக்கை இன்னும் வருகிறது.

கருவேலம்:
4 ஜிபி என்றால் டிஃபென்டரைச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அதன் முழு ஸ்கேன் தொடங்கிவிட்டால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. இணையத் தொடர்பு இல்லாதபோது அது வைரஸை அடையாளம் காணும் திறன் குறைகிறது என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகமும் காட்டியிருக்கிறது. இலவசமாகவே வேண்டும் என்றால் காஸ்பர்ஸ்கியோ பிட்டிஃபென்டரோ இன்னும் இலேசானவை.

நெய்தல்:
காஸ்பர்ஸ்கியை அமெரிக்க வணிகத் துறை 2024 ஜூன் மாதத்தில் தடை செய்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 29க்குப் பிறகு அங்கே அதற்குப் புதுப்பிப்பும் தரக் கூடாது என்றார்கள். அதைப் பரிந்துரைக்கும்போது இதையும் சொல்ல வேண்டாமா?

கருவேலம்:
அது அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும் தடை. அரசியல் காரணத்தால் எடுத்த முடிவை வைத்து அதன் திறமையைக் குறை சொல்ல முடியாது. அப்படிப் பார்த்தால் நம் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவற்றைத்தான் நாம் அனைவரும் வாங்க வேண்டும்.

வைகறை:
அவை இரண்டும் கட்டண மென்பொருள்கள். கேட்டவர் இலவசம் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள்.

திருகாணி:
நான் வேறு வழி சொல்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக வைக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 4 ஜிபி கணினியில் நன்றாக ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம், உலாவியும் அலுவல் மென்பொருளும் உடன் வருகின்றன, வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆன்ட்டிவைரஸும் அநேகமாகத் தேவைப்படாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதை இங்கே யாரும் இன்னும் குறிப்பிடவே இல்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தாம் அகப்பட்டுக்கொண்டன. புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்தில் எந்த ஆன்ட்டிவைரஸை வைத்தாலும் பாதிப் பாதுகாப்புத்தான்.

நெய்தல்:
ஆதரவு முடிந்தது என்பது உண்மைதான், ஆனால் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேர்வதற்கான இணைப்புத் தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமின்றி 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். டிஃபென்டருக்கான வைரஸ் விவரங்களோ விண்டோஸ் 10இலும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இயங்குதளத்தையே இப்போது மாற்றச் சொல்வது சரியில்லை.

காவிரிக்கரை:
நண்பர்களே, எந்த நிறுவனம் நல்லது என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் அந்த எச்சரிக்கையை அனுப்புவது யார் என்பதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. உண்மையில் வைரஸ் இருக்கும் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று இப்படிக் கூவிச் சொல்லும் நிலை அரிது. தொற்று தன்னை மறைத்துக்கொள்ளவே முயலும்.

அம்மா, அந்தப் பெட்டியின் மேற்பகுதியிலோ அடியிலோ சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும் அதன் அருகே ஓர் இணையத்தள முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது உங்கள் கணினியில் உள்ள எந்த ஆன்ட்டிவைரஸும் அனுப்புவது அன்று. திரைப்படமோ வினாத்தாளோ தேடிச் செல்லும்போது சில தளங்கள் ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்கும். அழுத்தியவுடன், அந்தத் தளம் நேரடியாக உங்கள் திரைக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடும். அதன்பின் பெயர்பெற்ற ஆன்ட்டிவைரஸ்களின் சின்னத்தைப் போட்டுப் பயமுறுத்தி, ஏதாவது ஒரு கட்டணப் பக்கத்துக்கோ தொலைபேசி எண்ணுக்கோ இழுப்பதுதான் அவர்களுடைய தொழில். இதற்கு எந்த இலவச ஆன்ட்டிவைரஸை நிறுவினாலும் அறிவிப்பு நிற்காமல் போகலாம், ஏனென்றால் கணினியில் பிடிப்பதற்குத் தீங்கான கோப்பு எதுவும் இருக்காது.

குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி அமைப்புகளுக்குச் சென்று, தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதியில் தள அமைப்புகளையும் அதற்குள் அறிவிப்புகளையும் திறங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். அப்படியே குரோமுடன் சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருள்களைக் காட்டும் நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்ஸ்) பக்கத்தையும் திறந்து, நீங்கள் நிறுவாதவை இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, காலம் முடிந்த அந்தப் பழைய ஆன்ட்டிவைரஸ். வேறொரு ஆன்ட்டிவைரஸ் நிறுவப்பட்டிருந்தால் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. சந்தா முடிந்த மென்பொருளை நீக்காமல் வைத்திருப்பதால் இரண்டுமே முழுமையாக வேலை செய்யாத நிலை ஏற்படுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அதைக் கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கிக் கணினியை மறுமுறை தொடங்கி, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு அதிலேயே உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும் முன்பே அது சோதிப்பதால், இயங்கிக்கொண்டிருக்கும்போது மறைந்துகொள்ளும் தொற்றும் அகப்படும். சுமார் கால் மணி நேரம் ஆகும். கருவேலம் சொன்ன மந்தம் உண்மைதான், ஆகவே முழு ஸ்கேனை மகள் படிக்காத நேரத்தில் வையுங்கள்.

வீட்டுப் பத்திரங்கள் இருக்கின்றன என்றீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களைத் தடுக்க, டிஃபென்டரில் குறிப்பிட்ட கோப்புறைகளைப் பிற மென்பொருள்கள் மாற்றாதபடி காக்கும் வசதி 2017 முதல் உண்டு, ஆனால் அது தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். அதைவிட உறுதியானது, பத்திரக் கோப்புகளின் ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைப்பது.

கருவேலம்:
அறிவிப்பு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். அது சரியானால் இங்கே அவாஸ்ட்டும் தேவையில்லை. ஆனாலும் டிஃபென்டரைவிட அது இலேசானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மின்மினி:
ஐயா, குரோமில் தெரியாத தளங்கள் இருந்தன, நீக்கிவிட்டேன். எச்சரிக்கை நின்றுவிட்டது. பழைய ஆன்ட்டிவைரஸையும் நீக்கினேன், டிஃபென்டரில் பச்சைக் குறி தெரிகிறது. மிக்க நன்றி. மகள் அந்த எச்சரிக்கையை முன்பு ஒருமுறை அழுத்தியதாக இப்போதுதான் சொல்கிறாள்.

காவிரிக்கரை:
நல்லது. அழுத்தியபோது ஏதேனும் கோப்பு இறங்கியதா, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் போன்ற மென்பொருள் எதையும் நிறுவச் சொன்னார்களா, வங்கி அட்டை எண்ணைக் கேட்டார்களா என்று மகளிடம் நிதானமாகக் கேட்டு எழுதுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அந்த நாளில் வந்த கோப்பு இருந்தால் திறக்காமல் நீக்குங்கள். அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் இங்கே பதில் எழுதுவதற்கு முன் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.

பனையோலை:
அம்மா, ஆஃப்லைன் ஸ்கேன் முடிந்ததா? அதில் ஏதாவது அகப்பட்டதா?