மோசின் நாகான் போல்ட்: விரிசலா, கட்டர் தடமா?

கேள்வி: 1943-இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த மோசின் நாகான் துப்பாக்கி. போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) தலையில், லக்கின் (பூட்டிப் பிடிக்கும் புடைப்பின்) அடிமூலையில் முடி மாதிரி ஒரு கோடு. போர்க்கால அவசர வேலையின் தடமா, விரிசலா?

பதில்: 1942, 43 தயாரிப்பில் முரட்டுத் தடங்கள் சகஜம். கட்டர் தடம், அதாவது உலோகத்தை வெட்டும் கருவி விட்ட கோடு, தனியாக வராது. பக்கத்திலேயே அதே இடைவெளியில் கூட்டாளிகள் இருக்கும். 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கியில்), சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தடத்துக்கு அடிப்பகுதி தெரியும். விரிசல் கறுத்து, நெளிந்து, தடங்களைக் குறுக்கே வெட்டிப் போகும். அடிமூலை என்பதுதான் உறுத்துகிறது. சுடும்போது விசை குவிவது அங்கேதான்.

பதில்: டை பெனட்ரண்ட், அதாவது விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம், போடுங்கள். முதலில் அசிட்டோனில் கிரீஸ் முழுக்கப் போகணும். சிவப்புச் சாயம் 15 நிமிடம். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். உலோகத்தில் நேராக அடித்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போகும். பிறகு ஊறிய சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பர், 10 நிமிடம். ஆழமான தடமும் லேசாகச் சிவக்கும். துடைத்துவிட்டு மறுபடி டெவலப்பர் அடித்தால் தடம் வெளுக்கும், விரிசல் திரும்பக் கசியும்.

கேட்டவர்: முதலில் எமரித் தாளால் தேய்க்கலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். சோதனையில் சாயம் திரும்பக் கசிந்தால் வெல்டிங் பேச்சே கூடாது. மோசினில் போல்ட் தலை தனிப் பாகம். மாற்றிவிட்டு, ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்க்கும் அளவி) போட்டுப் பார்த்தபிறகே சுடணும்.