ஒப்பந்தத்தில் விற்கும் போனுக்கு நெட்வொர்க் லாக் (வேறு நிறுவன சிம் எடுக்காதபடி பூட்டுவது) தேவையா?

அலைவரிசை:
24 மாத ஒப்பந்தம் போட்டவர் போனில் எந்த சிம்மைப் போட்டாலும் மாதத் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். நடுவில் விலகினால் மிச்சத் தொகையை மொத்தமாகக் கேட்பார்கள். கட்டாவிட்டால் வசூல் நடவடிக்கை, கடன் மதிப்பெண்ணில் அடி. இத்தனை பிடி கையில் இருக்கும்போது சிம் லாக் எதற்கு? கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் அன்லாக் கட்டணம் கிடையாது, புதுப் போன் லாக் இல்லாமலே வர வேண்டும். ஜப்பான் 2021 அக்டோபரிலும் பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் லாக்கை நிறுத்தின. அங்கெல்லாம் தவணையில் போன் விற்பது நின்றா போய்விட்டது?

தவணைக்கணக்கு:
கட்ட நினைப்பவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். கட்டும் எண்ணமே இல்லாமல் வருபவரை என்ன செய்வது? அடுத்தவர் அடையாள ஆவணத்தைக் காட்டி விலை கூடிய போன்களாக எடுத்துப் போவார்கள். முதல் பில் வரும்போது ஆளும் இருக்க மாட்டார், போனும் இருக்காது. கடன் மதிப்பெண் அடிவாங்குவது ஆவணத்தைப் பறிகொடுத்த அப்பாவிக்கு. அமெரிக்காவில் 2008 ஏலத்தில் வெரைசன் நிறுவனம் எடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் சி பிளாக் அலைக்கற்றைக்கு, போனை லாக் செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அப்படியிருந்தும் 2019இல் 60 நாள் லாக்குக்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி விலக்கு கொடுத்தது. காட்டிய காரணம் இந்த மோசடிதான்.

அலைவரிசை:
அதற்குத்தான் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) தடைப்பட்டியல் இருக்கிறதே. பணம் வரவில்லை என்றால் எண்ணைப் பட்டியலில் ஏற்றினால் போன் முடங்கிவிடும். நேர்மையாகக் கட்டுபவருக்குத் தொந்தரவே இல்லை.

தவணைக்கணக்கு:
பட்டியலைப் பார்க்கும் நெட்வொர்க்கில்தான் முடங்கும். பார்க்காத நாட்டுக்குக் கப்பலேறினால் அதே போன் ஜம்மென்று ஓடும். தடையை ஏற்றவே முதல் பில் தவற வேண்டும், அதற்குள் ஒரு மாதம் போய்விடும். லாக் அப்படியல்ல, போன் எங்கே போனாலும் கூடவே போகும். ஆரம்ப வாரங்களில் மறுவிற்பனை விலையைக் குறைப்பது அது ஒன்றுதான்.

பழுதுமேசை:
லாக் என்று பொதுவாகப் பேசுகிறீர்கள், அதில் வகை உண்டு. சிம்மில் இருக்கும் ஐஎம்எஸ்ஐ எண்ணின் முதல் 5 அல்லது 6 இலக்கம் நாட்டையும் நெட்வொர்க்கையும் குறிக்கும். போன் அதைத் தனக்கு அனுமதித்த எண்ணோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அவசர அழைப்பு மட்டும் போகும். இது நெட்வொர்க் லாக். சர்வீஸ் புரொவைடர் லாக் சிம்மிலுள்ள குழு அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கும். பெரிய நெட்வொர்க்கின் கோபுரத்தில் வாடகைக்கு ஓடும் சிறு நிறுவனத்தின் சிம் ஒரு லாக் போனில் எடுப்பதும் இன்னொன்றில் எடுக்காததும் இதனால்தான்.

அன்லாக் கோட் போட்டுத் திறக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் தவறான முயற்சிக்கு வரம்பு உண்டு. வரம்பு தாண்டினால் சரியான கோடையும் ஏற்காது. பெரும்பாலும் சொதப்புவது எங்கே தெரியுமா? பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐயைக் கொடுத்து கோட் வாங்குவதில். போர்டு மாற்றிய போனில் எண்ணும் மாறியிருக்கும். *#06# அடித்து வருவதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஐபோனில் கோடே கிடையாது. நெட்வொர்க் சொன்னதும் ஆப்பிள் தன் பதிவை மாற்றும். பிறகு வேறு நெட்வொர்க் சிம்மைப் போட்டு, வைஃபையில் இணைத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால் பேக்கப் எடுத்துவிட்டு ரீஸ்டோர். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பார்த்தால் சிம் கட்டுப்பாடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அலைவரிசை:
இவ்வளவு சுற்றையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். தடைக்கு முன் பிரிட்டனில் அன்லாக் செய்ய ஏறக்குறைய 10 பவுண்ட் வாங்கினார்கள். காசு போனாலும் பரவாயில்லை என்றால், கோட் வரத் தாமதம், வந்த கோட் வேலை செய்யாது. பலர் சலித்துப்போய் பழைய நெட்வொர்க்கிலேயே இருந்துவிடுவார்கள். நெட்வொர்க்குக்கு வேண்டியதும் அதுதானே!

செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் நிலைமை இன்னும் மோசம். லாக் போட்ட நிறுவனம்தான் திறக்க முடியும். இப்போது சிம் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. லாக் போட்ட நிறுவனத்திடம் போனால் "கணக்கு வைத்திருந்தவர் வந்து கேட்கட்டும்" என்பார்கள்.

பழுதுமேசை:
செகண்ட்ஹேண்டில் இன்னொரு வில்லங்கம், சிம்முக்கு அடியில் வைக்கும் மெல்லிய சிப். போனுக்குப் பொய்யான நெட்வொர்க் எண்ணைக் காட்டி ஏமாற்றும். விற்பவர் அன்லாக் போன் என்பார், அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் சிக்னல் போய்விடும். சிம் டிரேயை வெளியே இழுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஊர்சுற்றி:
லாக் போன் வெளிநாட்டில் வேலையே செய்யாது என்கிறார்களே, அப்படியா?

பழுதுமேசை:
அதே சிம்மில் ரோமிங் போகும். உள்ளூர் சிம்தான் எடுக்காது. இ-சிம்முக்கும் அதே கதி. ரோமிங் கட்டணத்தில் லாபம் யாருக்கு என்று பார்த்தால் இந்த லாக்கின் இன்னொரு பக்கமும் புரியும்.

இன்னொன்று, லாக் எடுத்துவிட்டால் எல்லா நெட்வொர்க்கிலும் ஓடும் என்றில்லை. நெட்வொர்க்கின் பேண்ட் (அதிர்வெண் வரம்பு) போனோடு பொருந்த வேண்டும், 4ஜியில் கால் பேச உதவும் வோல்டிஇ அமைப்பும் அந்த நெட்வொர்க்குக்கு ஏற்றபடி போனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 3ஜி நிறுத்திய இடத்தில் டேட்டா வரும், கால் போகாது.

தவணைக்கணக்கு:
ரோமிங் லாபத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 24 மாதமும் பூட்டி வைப்பது அநியாயம்தான். ஆரம்பத்தில் 60 நாள் போதும், மோசடி அதற்குள் வெளியே வந்துவிடும். அந்த 60 நாளையும் எடுத்துவிட்டால் நிறுவனங்கள் முன்பணத்தை ஏற்றும். கடன் வரலாறு இல்லாதவருக்குத் தவணையே மறுக்கப்படும்.

அலைவரிசை:
60 நாள் என்றால், 61ஆம் நாள் தானாகத் திறக்க வேண்டும். விண்ணப்பம், கட்டணம், "பாக்கி இருக்கிறது" என்ற சாக்கு எதுவும் கூடாது. கேட்டால்தான் திறப்போம் என்றால் கேட்கத் தெரியாதவர் போன் பூட்டியே கிடக்கும்.

தவணைக்கணக்கு:
தானாகத் திறப்பதற்குச் சம்மதம். ஆனால் அந்த 60 நாளில் ஒரு தவணைகூடக் கட்டாதவருக்கும் திறக்கச் சொன்னால் லாக் போட்டதற்கே பொருளில்லை.

பழுதுமேசை:
தானாகத் திறப்பதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் நெட்வொர்க் கொடுக்கும் ஆப் வழியாகத்தான் திறக்கும். அதற்கு இணையம் வேண்டும், சில ஆப்களுக்குப் பழைய சிம்மும் உள்ளே இருக்க வேண்டும். நம்பரை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிக்கொண்டு போன பிறகு பழைய சிம் செத்துவிடும், ஆப் சர்வரோடு பேசாது. ஆகவே முதலில் அன்லாக், போனை ரீஸ்டார்ட் செய்து வேறொரு சிம்மைப் போட்டுச் சோதனை, அதற்குப் பிறகுதான் நம்பர் மாற்றும் விண்ணப்பம்.