கன்சீல்டு கேரி லைசென்ஸ்: அப்ளை பண்ணி வருஷம் தாண்டிருச்சு, ஒரு பதிலும் இல்ல

கடைக்கார_அண்ணாச்சி
எல்லாருக்கும் வணக்கம். தென் கலிபோர்னியால சின்னதா ஒரு நகைக்கடை வச்சிருக்கேன். கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) பேரு வேண்டாம், ஃபைல் இன்னும் அந்த கவுண்டி போலீஸ் தலைவர், அதாவது ஷெரிஃப் ஆபீஸ் கையிலதான் இருக்கு. 2024ல வட கலிபோர்னியா சன்னிவேல்லயும் நியூவர்க்லயும் நம்மாளுங்களோட நகைக்கடைக்குள்ள திருட்டுக் கும்பல் சுத்தியலோட புகுந்து ஷோகேஸ உடைச்சு அள்ளிட்டுப் போனாங்கல்ல, அந்த வீடியோவ பாத்ததுல இருந்து வீட்ல ஒரே புலம்பல். கடைக்குள்ள கேமரா, ஷட்டர், டபுள் டோர் எல்லாம் போட்டாச்சு. ராத்திரி பூட்டிட்டு பையோட கார் வரைக்கும் நடக்குறேன் பாருங்க, அந்த தூரம்தான் இப்ப பிரச்சினை.

சரி, துப்பாக்கிய மறைச்சு வச்சு வெளிய எடுத்துட்டுப் போக முறையா லைசென்ஸ் எடுத்துருவோம்னு போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஆன்லைன்ல சிசிடபிள்யூ-க்கு (அந்த லைசென்ஸுக்கு இங்க அதான் பேரு) அப்ளை பண்ணி முதல் தவணை ஃபீஸும் கட்டிட்டேன், இந்த தீபாவளியும் வந்துட்டுப் போயிருச்சு. போர்ட்டல்ல லாகின் பண்ணா "பெறப்பட்டது"ன்னு நிக்குது, அதுக்கு மேல ஒரு இஞ்ச் நகரல. போன் பண்ணா வாய்ஸ்மெயில் ஃபுல். நேர்ல போனா கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருந்த அம்மா நிமிந்து கூட பாக்காம எல்லாம் ஆன்லைன்தான் சார்னு ஒரு பேப்பர நீட்டுனாங்க, பிரிச்சுப் பாத்தா அதுல அதே போர்ட்டல் அட்ரஸ்தான் போட்டிருக்கு.

இதுக்கு ஒரு கெடுன்னு ஏதாவது உண்டா இல்ல அவங்க இஷ்டமா? வக்கீல் வைக்கணுமா? கூட்டாளி ஒருத்தன் லைசென்ஸாவது ஒண்ணாவது, கார் சீட்டுக்கு அடியில துப்பாக்கிய வச்சுக்கிட்டு போயிட்டே இரு அண்ணாச்சிங்கறான். எனக்கு க்ரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இன்னும் எடுக்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டி_வக்கீல்
அண்ணாச்சி, நான் வக்கீல் கிடையாது, பேருல மட்டும்தான். ஆனா இந்த பாதைல நானும் நடந்தவன்.

முதல்ல அந்த சீட்டுக்கு அடியில விஷயம். தயவுசெஞ்சு வேண்டாம். கலிபோர்னியால லைசென்ஸ் இல்லாம கார்ல மறைச்சு வச்சுட்டுப் போறது கிரிமினல் குத்தம், லோட் பண்ணி வச்சிருந்தா அது தனி செக்‌ஷன். சிட்டிசனுக்கு அது ஒரு கேஸ், ஃபைன், ஜெயில்னு முடியும். க்ரீன் கார்டுகாரனுக்கு துப்பாக்கி சம்பந்தமா ஒரு கன்விக்‌ஷன் வந்தாலே நாடு கடத்த அது ஒரு காரணம்னு இமிக்ரேஷன் சட்டத்துலயே தனியா எழுதி வச்சிருக்கான். உங்க கூட்டாளி சிட்டிசனா இருப்பாரு, அதான் வாய் நீளுது.

லைசென்ஸ் இல்லாமலே உங்களுக்கு சட்டப்படி என்ன உரிமை இருக்குன்னு பாருங்க. கலிபோர்னியா பீனல் கோடு 25605 படி சட்டப்படி வாங்கின துப்பாக்கிய உங்க வீட்டுக்குள்ளயும் உங்க சொந்த பிசினஸ் நடக்குற இடத்துக்குள்ளயும் வச்சுக்க சிசிடபிள்யூ தேவையே இல்ல. க்ரீன் கார்டுக்கும் இது பொருந்தும். கடைக்கு வெளிய இருக்கற பொது பார்க்கிங் லாட்டையும் கடைன்னு நம்பி இறங்கிறாதீங்க. கார்ல கொண்டு போகணும்னா குண்டு எடுத்துட்டு, பூட்டுன பெட்டில. டிக்கி பூட்டியிருந்தா ஓகே, ஆனா க்ளவ் பாக்ஸ பூட்டுனாலும் அது கணக்குல வராது, இது நிறைய பேருக்கு தெரியாது.

இப்ப கெடு. இருக்கு. எஸ்பி 2ன்னு ஒரு சட்டம் 2024 ஜனவரி 1ல இருந்து அமல்ல இருக்கு. அதுபடி அப்ளிகேஷன் கிடைச்சு 90 நாளுக்குள்ள நீங்க தகுதியா இல்லையான்னு முதல் கட்ட முடிவ எழுத்துல சொல்லணும், பீனல் கோடு 26205. அதுக்கப்புறம்தான் லைவ் ஸ்கேன்ல கைரேகை எடுக்கறது, ஸ்டேட் டிஓஜே (மாநில நீதித் துறை) ரிப்போர்ட்டுன்னு போகும். கடைசி முடிவு 120 நாள், இல்லன்னா டிஓஜே ரிப்போர்ட் வந்து 30 நாள், எது பிந்தி வருதோ அது. கடுப்பு என்னன்னா கெடு தாண்டுனா என்ன ஆகும்னு சட்டத்துல பல்லே இல்ல. தானா அப்ரூவ் ஆகாது. மறுத்துட்டாலாவது 30 நாளுக்குள்ள சுப்பீரியர் கோர்ட்ல ஹியரிங் கேக்கலாம், இவங்க மறுக்கவும் மாட்டாங்க குடுக்கவும் மாட்டாங்க. இல்லன்னு சொன்னா அப்பீல், ஒண்ணுமே சொல்லலன்னா அப்பீல் இல்ல. எந்த ஆபீசருக்கும் இந்த கணக்கு நல்லாவே தெரியும்.

ராமநாதபுரம்_ரைடர்
இவ்வளவு ஏன் லேட்டாகுது? ஆள் பத்தலையா இல்ல வேணும்னே பண்றாங்களா

வெட்டி_வக்கீல்
ரெண்டும்தான் ப்ரோ. 2022 ஜூன் 23 வரைக்கும் இங்க "குட் காஸ்"னு ஒண்ணு காட்டணும், அதாவது உனக்கு ஏன் மத்தவன விட அதிகமா ஆபத்துன்னு நிரூபிக்கணும். எல்.ஏ. மாதிரி சில பெரிய கவுண்டிகள்ல சாதாரண ஆளுக்கு கிடைக்கறதே அபூர்வம், அதனால அங்க நிறைய பேர் அப்ளையும் பண்ணல, அந்த பிரிவுல ஆளும் இல்ல. அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் கேஸ்ல நியூயார்க்கோட அதே மாதிரி சட்டத்த அடிச்சுத் தூக்குனதும் கலிபோர்னியாவும் அத கைவிட வேண்டியதாப் போச்சு. மடை திறந்த மாதிரி அப்ளிகேஷன் வந்து கொட்டுச்சு, அத வாங்கி வைக்க இருந்தது பழைய ஆளுங்கதான்.

அந்தத் தீர்ப்புல ஒரு அடிக்குறிப்பு இருக்கு, ஒன்பதாவது. தீர்ப்பு எழுதுன சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் கிளாரன்ஸ் தாமஸோடது. லைசென்ஸ் முறை இருக்கலாம், ஆனா அளவுக்கு மீறி இழுத்தடிச்சோ கொள்ளை ஃபீஸ் வாங்கியோ சாதாரண ஜனங்களுக்கு உரிமையையே இல்லாம ஆக்குனா அதையும் கோர்ட்ல எதிர்க்கலாம்னு கதவ திறந்து வச்சிருக்காரு. லேட்ட எதிர்த்து இப்ப நடக்குற கேஸ் பூரா அந்த குறிப்ப புடிச்சுத்தான் தொங்குது.

எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ்) கவுண்டில இந்த மாதிரி ரெண்டு நடந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ், பதினெட்டு மாசத்துக்கு மேல காத்திருந்த ரெண்டு பேர் விஷயத்துல இந்த தாமதம் உரிமை மீறலாத்தான் தெரியுதுன்னு இடைக்கால ஆர்டர் போட்டாங்க. அப்புறம் 2025 செப்டம்பர் 30 அன்னிக்கு அமெரிக்க ஃபெடரல் அரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டே எல்.ஏ. ஷெரிஃப் டிபார்ட்மென்ட் மேல கேஸ் போட்டுச்சு. அவங்க சொல்ற கணக்கு: 2024 ஜனவரில இருந்து 2025 மார்ச் வரைக்கும் வந்த புது அப்ளிகேஷன் 3,982, அதுல அப்ரூவ் ஆனது ரெண்டே ரெண்டு. ஃபைல கையில எடுக்கவே சராசரியா 281 நாள். ஷெரிஃப் தரப்புல அந்த பிரிவுல இருக்கறதே 14 பேர், நாங்க இதுவரைக்கும் 15,000 வரைக்கும் அப்ரூவ் பண்ணியிருக்கோம்னு சொன்னாங்க. ரெண்டு கணக்கும் வேற வேற காலத்துக்கு, எந்தப் பக்கம் பேசறவனும் தனக்கு வசதியானத மட்டும்தான் எடுத்துக் காட்டுவான், அத மனசுல வச்சுக்கங்க.

டல்லாஸ்_மாப்ள
நம்ம டெக்சாஸுக்கு வந்துருங்க அண்ணாச்சி 😄 இங்க 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆகி வேற தடை இல்லன்னா லைசென்ஸே தேவையில்ல. ஆனாலும் நான் எடுத்து வச்சிருக்கேன், ஃபீஸ் 40 டாலர்தான், முன்னாடி 140 இருந்துச்சு 2017ல குறைச்சாங்க. லைசென்ஸ் இருந்தா கடையில புது கன் வாங்கறப்ப எஃப்பிஐ பின்னணி செக்குக்கு காத்திருக்க வேணாம், ஸ்கூல சுத்தி ஆயிரம் அடிக்குள்ள போறப்ப ஃபெடரல் சட்டத்துல மாட்டிக்கவும் மாட்டோம். இங்க லைசென்ஸ் குடுக்கற டிபிஎஸ்-க்கு (டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை) 60 நாள் கெடு. அதுக்கு மேல 30 நாள் கம்முனு இருந்தாங்கன்னா அது மறுப்புன்னு சட்டமே எடுத்துக்கும், நேரா ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போலாம். வக்கீல் சொன்ன அந்த ஓட்டை இங்க அடைச்சாச்சு.

ஒண்ணு மட்டும், என் லைசென்ஸ் கலிபோர்னியால செல்லாது. எந்த ஸ்டேட்டோடதும் அங்க செல்லாது. டிஸ்னிலேண்ட் ட்ரிப் வர்ற டெக்சாஸ் மக்கள் மறந்துறாதீங்க.

பூங்கொடி
என் வீட்டுக்காரருக்கு போன வருஷம் வந்துச்சு, அதனால சொல்றேன். எனக்கு இந்த துப்பாக்கி சமாச்சாரமே புடிக்காது, அத தனியா வச்சுக்கலாம். ஆனா புது சட்டத்துல மூணு பேர் ரெஃபரன்ஸ் குடுக்கணும், அதுல ஒருத்தர் கண்டிப்பா மனைவி இல்ல கூட வாழ்றவங்க. எனக்கு போன் வந்தப்ப குக்கர் மூணாவது விசில். ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி ஒருத்தர், மரியாதையாத்தான் பேசுனாரு. வீட்ல சண்டை வருமா, கோவம் வந்தா என்ன பண்ணுவாரு, குடிப்பாரா எவ்வளவு, துப்பாக்கிய எங்க பூட்டி வைப்பாரு, சாவி யார்கிட்ட, உங்களுக்கு இதுல உண்மையிலயே சம்மதமான்னு கேட்டாரு. இவரு வேற எதிர்ல நின்னுக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டிருக்காரு. நான் ஹால்ல இருந்து பாத்ரூமுக்கு போய் கதவ சாத்திட்டு பதில் சொன்னேன். என்ன சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்கு தெரியாது 😁

விஷயம் என்னன்னா லேட்டுக்கு இதுவும் ஒரு காரணம். ரெஃபரன்ஸ் குடுத்தவங்க தெரியாத நம்பர்னு எடுக்க மாட்டாங்க, ஃபைல் அப்படியே ஓரமா போயிரும். எங்க கேஸ்ல ஒரு மாமா ஸ்பேம்னு நெனச்சு பிளாக்கே பண்ணி வச்சிருந்தாரு. அண்ணா உங்க மூணு பேர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க. ஃபேஸ்புக்ல பொதுவுல என்ன எழுதியிருக்கோம்னும் பாப்பாங்க, வீராவேசமா ஏதாவது இருந்தா இப்பவே பாத்துக்கங்க.

பே_ஏரியா_பழசு
இதெல்லாம் இன்னிக்கு நேத்து கதையில்ல தம்பிகளா. எங்க சாண்டா கிளாரா கவுண்டில லாரி ஸ்மித்னு ஒரு ஷெரிஃப் அம்மா இருந்தாங்க, இருபது வருஷத்துக்கு மேல பதவில. தேர்தலுக்கு பணம் குடுத்தவன், விஐபி, இவங்களுக்கு சிசிடபிள்யூ கடகடன்னு போகும், சாதாரண ஜனத்தோட அப்ளிகேஷன் முடிவே இல்லாம கிடக்கும். மறுப்பும் வராது. 2022 நவம்பர்ல ஜூரி ஆறு குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னு சொல்லிருச்சு, தீர்ப்புக்கு சில நாள் முன்னாடி அவங்களே ராஜினாமா பண்ணிட்டாங்க. ஹாக்கி ஸ்டேடியத்துல சொகுசு பாக்ஸ்ல உக்காந்து மேட்ச் பாத்துட்டு அந்த அன்பளிப்ப கணக்குல காட்டாததும் அந்த ஆறுல ஒண்ணு. ஊர்லயாவது எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும், எங்க தாத்தா முணுமுணுத்துக்கிட்டே கொண்டு போவாரு. இங்க எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸே கிடைச்சுருக்கு, என்னத்த சொல்ல.

அண்ணாச்சி, இனிமே போன் பண்றத விடுங்க. எல்லாமே எழுத்துல. அப்ளிகேஷன் நம்பர், அப்ளை பண்ண தேதி, 26205, 90 நாள் எப்ப முடிஞ்சுதுன்னு போட்டு ஒரு பக்கத்துக்கு லெட்டர், கோவப்படாம, சர்டிஃபைடு மெயில்ல ஷெரிஃப் பேருக்கே, காப்பி கவுண்டி கவுன்சல் ஆபீசுக்கு. கவுண்டி வக்கீலுங்க கண்ணுல படணும் அதுதான் சூட்சுமம், கேஸ் வந்தா பதில் சொல்லப்போறது அவங்கதான். கூடவே பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட்ல ஒரு மனு போடுங்க, இந்த வருஷம் எத்தனை அப்ளிகேஷன் வந்துச்சு, எத்தனை முடிஞ்சுது, இப்ப எந்த மாசத்து ஃபைல் பாத்துக்கிட்டிருக்கீங்கன்னு. நம்ம ஊரு ஆர்டிஐ மாதிரிதான், தகவல் தருவமா மாட்டமான்னு 10 நாளுக்குள்ள சொல்லணும். அதுக்கும் மசியலன்னா வக்கீல் வச்சு ரிட் ஆஃப் மேண்டேட், முடிவ எடுன்னு கோர்ட் உத்தரவு. லைசென்ஸ குடுன்னு இல்ல, முடிவ எடுன்னு. பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ்லயே ஃபைல் நடக்க ஆரம்பிச்சுரும்.

வித்ட்ரா மட்டும் பண்ணாதீங்க, க்யூல உங்க இடம் போயிரும்.

ஹெச்1பி_ஏகாம்பரம்
நான் ஹெச்1பி-ல இருக்கேன், இப்பவே அப்ளை பண்ணி வச்சா க்ரீன் கார்டு வர்றதுக்குள்ள கியூ நகர்ந்துருக்கும்ல? 😅

வெட்டி_வக்கீல்
ஐயோ ராசா தொடாத. நான்-இமிக்ரண்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வச்சுக்கறதே ஃபெடரல் சட்டப்படி தப்பு. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நம்பி ஷெரிஃப் ஆபீஸ்ல நீயே போய் கைரேகை வச்சுட்டு வராத. உனக்கு க்ரீன் கார்டு வர்ற வேகத்துக்கு இந்த கியூவே பரவால்ல.

கடைக்கார_அண்ணாச்சி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட்டுக்கு அடியில கதைய அவன்கிட்ட சொல்லிட்டேன், நாடு கடத்தல்னதும் போன வச்சுட்டான். லெட்டர் இன்னிக்கு ராத்திரி அடிக்கறேன். இன்னொரு சந்தேகம், நான் ரெஃபரன்ஸ் குடுத்ததுல ஒருத்தரு இப்ப ஊரோட திரும்பிப் போயிட்டாரு, திருச்சில இருக்காரு. அவருக்கு நடுராத்திரில போன் அடிச்சா எடுப்பாரான்னு தெரியல. ஆள மாத்தலாமா, மாத்துனா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்களா?

பூங்கொடி
நாங்க அந்த பிளாக் மாமாவ மாத்துனோம் அண்ணா. போர்ட்டல்ல மெசேஜ் போட்டு அதே விஷயத்த இமெயில்லயும் அனுப்புனோம், முதல்ல இருந்து எல்லாம் ஆரம்பிக்கல. உங்க கவுண்டில எப்படின்னு அந்த லெட்டர்லயே ஒரு வரி கேட்டுருங்க. அண்ணிகிட்டயும் சொல்லி வைங்க, போன் வந்தா நீங்க எதிர்ல நிக்காதீங்க.