ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த ஓஎல்இடி டிவி பாதி விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா? (கடலூர்)

சில்வர்பீச்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் சில்வர் பீச் ரோட்டுப் பக்கம் வீடு. பழைய 40 இன்ச் டிவியில் சத்தம் ஒழுங்காக வருகிறது, படத்தில் கீழ்ப்பாதி இருட்டு. திரைக்குப் பின்னால் எரிகிற விளக்குப் பட்டை, அதாவது பேக்லைட் ஸ்ட்ரிப், போய்விட்டதாம். ஏற்கெனவே ஒருமுறை மாற்றியதுதான், மறுபடி அதற்குச் செலவு செய்ய வீட்டில் யாருக்கும் மனசில்லை. புதிது வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

இம்பீரியல் ரோட்டில் ஒரு கடையில் மூன்று டிவி பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றுமே 55 இன்ச், 4கே. ஒன்று ஓஎல்இடி, டிஸ்ப்ளே பீஸ். எம்ஆர்பி 1,69,990 என்று போட்டிருக்கிறது, 82,000க்குத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொன்று மினி எல்இடி, புதுசு, 74,000. மூன்றாவது கியூஎல்இடி, அதுவும் புதுசு, 49,000. சேல்ஸ்மேன் முதலில் “எல்லாமே எல்இடிதான் மேடம், பேர்தான் வேற” என்றார். நான் ஓஎல்இடி பக்கம் போய் நின்றதும் “அது வேற லெவல் மேடம்” என்றார். எதை நம்புவது?

நான் வேதியியல் டீச்சர். குவாண்டம் டாட் கண்டுபிடிப்புக்கு 2023இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று வகுப்பில் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். அதையே ஒரு டிவி ஸ்டிக்கரில் 49,000 ரூபாய்க்குப் பார்த்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் எது நல்ல டிவி என்று கண்டுபிடிக்க அந்தப் படிப்பு உதவவில்லை.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹால் மேற்குப் பார்த்தது, இரண்டு பெரிய ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் நேரே உள்ளே வந்துவிடும். காலையிலிருந்து மாமியார் செய்திச் சேனல், மதியத்துக்கு மேல் சீரியல், எல்லாம் கேபிள் பாக்ஸில்தான். பையன் லீவில் வந்தால் பிஎஸ்5 வீடியோ கேம். அவருக்குக் கிரிக்கெட். எல்லோரும் தூங்கினபிறகு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு நான் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பேன். கடையில் அந்த ஓஎல்இடியில் ஒரு பழைய பாட்டைப் போடச் சொன்னேன். கதாநாயகன் போட்டிருந்த கோட்டின் கறுப்பு அப்படியே கறுப்பாக இருந்தது. பக்கத்து டிவியில் அதே கோட்டு சாம்பல் நிறம். அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

சோபாவிலிருந்து டிவிக்கு எட்டடி. பட்ஜெட் 80,000, இழுத்தால் 85,000.


லாஸ்பேட்டை_ஆந்தை:

மேடம், பாண்டியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஓஎல்இடி இருக்கிறது. நீங்கள் பார்த்த அந்தக் கறுப்பு பொய் இல்லை. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு அதற்கு இணை எதுவும் கிடையாது. ஒருமுறை பார்த்துவிட்டால் மற்ற டிவியில் மேலும் கீழும் வருகிற கறுப்புப் பட்டைகூடச் சாம்பலாகத் தெரிந்து எரிச்சல் வரும்.

ஆனால் எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் டிவியே ஓடாது, கேபிளும் இல்லை. உங்கள் மாமியாரின் செய்திச் சேனலை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. எடுப்பதானால் புது ஓஎல்இடி எடுங்கள், டிஸ்ப்ளே பீஸ் வேண்டாம்.


ஓட்டி_சர்வீஸ்:

டீச்சர், வணக்கம். நம் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) டிவி சர்வீஸ் செய்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொழில் கற்றவன். கலைஞர் ஆட்சியில் 2006லிருந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்களே 14 இன்ச் கலர் டிவி, அதுதான் பல வருஷம் என் கடைக்குச் சோறு போட்டது. இப்போது பெஞ்சில் கிடப்பதெல்லாம் தட்டை டிவி. பேக்லைட் போனது பாதி, பேனல் (படம் தெரிகிற திரைத் தகடு) போனது மீதி.

சேல்ஸ்மேன் சொன்ன முதல் வார்த்தையில் முக்கால்வாசி உண்மை. சாதாரண எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் ஒரே குடும்பம், மூன்றுமே எல்சிடிதான். எல்சிடி தகடு தானாக வெளிச்சம் தராது. பின்னால் எல்இடி எரியும், முன்னால் இருக்கும் தகடு அந்த வெளிச்சத்தை விடும் அல்லது மறைக்கும். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசிகிற மாதிரி, கறுப்பு வரவேண்டிய இடத்திலும் கொஞ்சம் கசியும். நீங்கள் பார்த்த சாம்பல் கோட்டு அதுதான். கியூஎல்இடியில் உங்கள் நோபல் பரிசுப் பொடி, அந்தக் குவாண்டம் டாட், ஒரு ஃபிலிமாக இருக்கும், நீல எல்இடி வெளிச்சத்திலிருந்து சுத்தமான சிவப்பும் பச்சையும் எடுத்துத் தரும். அதனால் நிறம் நன்றாக இருக்கும். கறுப்புக்கு அது ஒன்றும் செய்யாது.

ஓஎல்இடியில் பின்னால் விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. எரிகிற பொருள் கரிமப் பொருள், அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எரிய எரியத் தேயும், நீலம் சீக்கிரம் தேயும். மூலையில் சேனல் லோகோ, கீழே ஓடுகிற செய்திப் பட்டை, “பிரேக்கிங்” என்ற சிவப்புக் கட்டம் எல்லாம் தினமும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றதைவிட அதிகம் தேயும். பிறகு நீங்கள் ராத்திரி போடுகிற கறுப்பு வெள்ளைப் படத்தின் மூலையிலும் அந்த லோகோவின் நிழல் தெரியும். இதைத்தான் பர்ன் இன் என்பார்கள்.

இதற்குக் கம்பெனிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. ரிமோட்டில் அணைத்த பிறகு டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது பேனலைத் தானே சரிபார்த்துச் சமன் செய்யும். நாலு மணி நேரம் ஓடியிருந்தால் ஒருமுறை செய்யும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் கரன்ட் வேண்டும். நம் ஊரில் ராத்திரி படுக்கும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே படுப்போம்? கடைக்காரர் அதற்கும் மேலே. ஷட்டரை இறக்கும்போது மெயினையே இறக்கிவிட்டுப் போவார். அந்த டிஸ்ப்ளே பீஸுக்குச் சமன் செய்யும் வேலை ஒருநாளாவது ஒழுங்காக நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். போதாததற்கு, கடையில் விவிட் மோடில் முழு வெளிச்சத்தில், ஒரே டெமோ வீடியோவை நாள் முழுக்க ஓட்டியிருப்பார்கள், ஓரத்தில் நிற்கிற பிராண்ட் பேரோடு.

அதனால் 82,000க்கு அவர்கள் விற்பது டிவி இல்லை, தேய்ந்த பேனல். ஓஎல்இடி பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியும் மனசு கேட்கவில்லையா, சில பிராண்டில் செட்டிங்ஸில் டிவி விவரம் என்ற பக்கத்தில் மொத்தம் ஓடிய மணிநேரம் தெரியும், கேட்டுப் பாருங்கள். யூடியூபில் பர்ன் இன் டெஸ்ட் என்று தேடி, முழுத்திரை சாம்பல், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் போடச் சொல்லுங்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் நின்று பார்க்காதீர்கள், கையால் நிழல் கட்டிப் பாருங்கள். வாரன்டி பில் தேதியிலிருந்தா, கடைக்கு வந்த தேதியிலிருந்தா என்று எழுத்தில் வாங்குங்கள்.


நெய்வேலி_பிளாக்20:

விலை பற்றி ஒரு வார்த்தை. எம்ஆர்பியோடு ஒப்பிட்டு “பாதி விலை” என்று நினைக்காதீர்கள், டிவியை யாரும் எம்ஆர்பிக்கு வாங்குவதில்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 128 ரூபாய்க்கு விற்றது 118க்கு வரவேண்டும், அதாவது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன் அச்சான பழைய எம்ஆர்பியைக் காட்டி இந்தக் குறைப்பையும் தங்கள் தள்ளுபடியில் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அதே மாடல் ஆன்லைனில் இன்றைக்கு என்ன விலை என்று கடையிலேயே போனில் காட்டிப் பேசுங்கள்.


சில்வர்பீச்_டீச்சர்:

ஓட்டி சார், ரொம்ப நன்றி. இன்று ஸ்கூல் விட்டதும் நேரே கடைக்குப் போனேன். மணிநேரம் காட்டச் சொன்னதும் சேல்ஸ்மேன் முகம் மாறிவிட்டது. மேனேஜர் வந்து காட்டினார். 6,800 மணி நேரம் ஓடியிருக்கிறது. சிவப்புத் திரை போட்டபோது வலது ஓரத்தில் ஒரு கட்டம் லேசாகத் தெரிந்தது. “அது ரிஃப்ளெக்‌ஷன் மேடம்” என்றார். நான் நகர்ந்து நின்றாலும் ரிஃப்ளெக்‌ஷன் நகரவில்லை. 76,000க்கு இறங்கி வந்தார், நான் வெளியே வந்துவிட்டேன். புது ஓஎல்இடி பட்ஜெட்டைத் தாண்டுகிறது. மாமியார் டிவியை விட்டு எழுந்திருக்கப் போவதும் இல்லை, எழுந்திருக்கச் சொல்லப் போவதும் இல்லை.

மிச்சம் மினி எல்இடியும் கியூஎல்இடியும். 25,000 வித்தியாசத்துக்கு அதில் என்ன இருக்கிறது? “ஸோன்” என்று ஏதோ சொன்னார்கள், எத்தனை என்று கேட்டால் “நிறைய” என்றார்கள். அப்புறம், பையன் பிஎஸ்5ஐச் செருகுகிற இடத்தில் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மூன்று தடவை மெசேஜ் போட்டுவிட்டான்.


ஓட்டி_சர்வீஸ்:

நல்ல வேலை செய்தீர்கள் டீச்சர். நகராத ரிஃப்ளெக்‌ஷனை இவ்வளவு நாளில் நானும் பார்த்ததில்லை.

மினி எல்இடியும் எல்சிடிதான். பின்னால் இருக்கிற எல்இடிகள் மிகச் சின்னதாக, ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் இருக்கிற கட்டத்தை மட்டும் அணைப்பார்கள். அந்தக் கட்டம்தான் ஸோன். ஸோன் கூடக்கூடக் கறுப்பு ஓஎல்இடிக்குப் பக்கத்தில் வரும். முழுசாக வராது. இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியும். மினி எல்இடி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஸோனை ரொம்பக் குறைவாக வைத்த மாடலும் இருக்கிறது, அதற்கு 74,000 கொடுப்பது வீண். “நிறைய” என்பது பதில் இல்லை. மாடல் நம்பரைக் குறித்துவந்து நெட்டில் ரிவ்யூ பாருங்கள். சில நூறு ஸோனாவது இருந்தால் உங்கள் பத்து மணிப் படத்துக்கு அந்தக் காசு தகும். நீங்கள் கடையில் பார்த்த கோட்டு இதிலும் பெரும்பாலும் கறுப்பாகவே தெரியும்.

நாலு மணி வெயிலுக்கும் மினி எல்இடிதான் தாங்கும். அதன் வெளிச்சம் அதிகம். ஓஎல்இடி திரை முழுக்க வெள்ளையாகும்போது வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பகல் மேட்ச் பார்க்கும்போது அது உறுத்தும். ஆனாலும் ஒரு ஜன்னலுக்காவது திரை போடுங்கள் டீச்சர், எந்த டிவியும் வெயிலோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

எல்சிடி பேனலில் இரண்டு வகை உண்டு, விஏவா ஐபிஎஸ்ஸா என்று கேளுங்கள். விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி, கறுப்பு மட்டம். மாமியார் எங்கே உட்காருவார் என்று நீங்கள் சொல்லவில்லை. நேர் எதிரே என்றால் கண்ணை மூடிக்கொண்டு விஏ.

தம்பி கேட்பது நியாயம். பிஎஸ்5இல் 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 தடவை படம் மாறுவது) வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், பேனலும் உண்மையிலேயே 120 ஆக இருக்க வேண்டும். பெட்டியில் “மோஷன் 240” என்ற மாதிரி போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள், உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனலாக இருக்கலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. மாமியாரின் கேபிள் சேனல் எச்டி இல்லாத சாதாரண எஸ்டி என்றால் படத்தில் 576 வரிதான். அதை 2,160 வரி இருக்கிற 4கே திரையில் விரித்தால் எந்த டிவியிலும் கொழகொழவென்றுதான் இருக்கும். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். 49,000 டிவியோ 74,000 டிவியோ, பகலில் அவருக்கு அதிகம் தெரியப்போகிற வித்தியாசம் அந்த பாக்ஸ்தான்.

டிவி எதுவானாலும் பேக்லைட்டை 100இல் வைத்து ஓட்டாதீர்கள். பகலில் வேண்டிய அளவு, ராத்திரி பாதிக்கும் கீழே. உங்கள் பழைய டிவியின் ஸ்ட்ரிப் போனதற்கு முழு வெளிச்சத்தில் ஓடிய சூடுதான் காரணமாக இருக்கும். பீச் ரோடு என்பதால் உப்புக் காற்று வேறு. பேனல் ஓரத்தில் இருக்கிற ஃபிளெக்ஸ் (மெல்லிய பட்டை வயர்) அரித்து, திரையில் கோடு விழுந்து வருகிற டிவிகள் தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்துதான் எனக்கு அதிகம். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்டைத் தூக்கிவிடும்.

டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து ஆன் செய்து, முழு வெள்ளை, முழுச் சாம்பல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கோடோ புள்ளியோ அழுக்கு மாதிரித் திட்டோ இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் டிவிக்குப் பின்னால் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்க்க மறக்காதீர்கள்.


சில்வர்பீச்_டீச்சர்:

மாமியார் நேர் எதிரேதான் சார், அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. மாடல் நம்பர் எடுத்து வந்துவிட்டேன், ரிவ்யூவில் 500 ஸோனுக்கு மேல் என்று இருக்கிறது, பேனல் விஏ, 120 ஹெர்ட்ஸ்தான். நெய்வேலி சார் சொன்னபடி ஆன்லைன் விலையைக் காட்டியதில் 71,500க்கு ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை டெலிவரி. கேபிள்காரருக்கு இப்போதுதான் போன் செய்தேன், எச்டி பாக்ஸ் திங்கட்கிழமைதான் வருமாம்.