திரையில் உங்களை நீங்களே பார்த்த அனுபவம் உண்டா?

எனக்கு உண்டு. சாலி பாட்டர் இயக்கிய 'ஆர்லாண்டோ' (1992). நூற்றாண்டுகள் கடந்து வாழும் ஓர் இளைஞன், நீண்ட தூக்கம் கலைந்து எழும்போது பெண்ணாக இருக்கிறான். அந்த வேடத்தில் நடிக்கும் டில்டா ஸ்விண்டன் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் தன் உடலைப் பார்க்கிறார். அலறவில்லை, அழவில்லை. கேமரா பக்கம் திரும்பி, அதே ஆள்தான், பால் மட்டும்தான் வேறு என்று சொல்கிறார். அவ்வளவுதான் காட்சி.

நான் அழுதுவிட்டேன். அதுவரை பார்த்த படங்களில் ஆண் பெண்ணுடை உடுத்தினால் ஒன்று அரங்கம் சிரிக்கும், இல்லை அந்த ஆள் கடைசியில் சாவார். நானோ கதவைத் தாழிட்டுக்கொண்டு, மற்றவர்கள் எதிர்பார்க்கும் குரலைப் பேசிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. அதே படத்தில் சொத்து வழக்கு வருகிறது. சட்டப்படி நீ இறந்துவிட்டாய், தவிர நீ பெண், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள். உடல் மாறியபோது மாறாத ஆளை, அந்த வழக்குக் காகிதம்தான் வேறு ஆளாக்கியது. (முதலாம் எலிசபெத்தாக நடித்தவர் குவென்டின் கிரிஸ்ப் என்ற ஆண். அதைப் படம் ஒரு வேடிக்கையாகவே காட்டுவதில்லை.)

பிறகுதான் பாலினம் பற்றி எழுதும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லரின் 'ஜெண்டர் ட்ரபிள்' (1990) படித்தேன். கடினமான நடை, பாதி புரியவில்லை. ஆனால் நடை, குரல், உட்காரும் விதம் என்று திரும்பத் திரும்பச் செய்துதான் பாலினம் உருவாகிறது என்ற இடம் சட்டென்று பிடிபட்டது. தாழிட்ட அறையில் நான் செய்ததும் அதைத்தானே!

மற்றவர்களும் எழுதுங்கள்.

*

நீங்கள் சொன்ன அந்த 'திரும்பத் திரும்ப' என்பதை நான் செலின் சியாமாவின் 'டாம்பாய்' (2011) படத்தில் கண்ணாரப் பார்த்தேன். புது ஊருக்கு வந்த பத்து வயது லோர், மிக்கேல் என்று ஆண் பெயர் சொல்லிப் பையன்களோடு சேர்கிறாள். அவர்கள் பந்தாடும்போது சட்டையைக் கழற்றுவதையும் எச்சில் துப்புவதையும் ஓரமாக நின்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு தானும் செய்கிறாள். அந்தப் பார்வை என்னுடையது. பள்ளி நாட்களில் நானும் அப்படித்தான் நின்றேன்.

அம்மா அவளுக்கு நீல கவுன் மாட்டி, அண்டை வீட்டுக்கு இழுத்துப் போகும் காட்சியை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. இந்தக் குழந்தை யார் என்று படம் எங்கும் பெயர் ஒட்டவில்லை. அதற்காகவே சியாமா மீது எனக்குப் பெரிய மரியாதை.

*

நான் வயதில் மூத்த ரசிகை. 'மொராக்கோ'வில் (1930) நடிகை மார்லீன் டீட்ரிச் ஆண்களின் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்து, ஒரு பெண்ணிடம் பூ வாங்கி அவள் உதட்டில் முத்தமிடுவார். 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகின. 1968 வரை இதையெல்லாம் ஜாடையாகத்தான் காட்ட முடிந்தது. அந்த ஜாடைகளைப் படிக்கக் கற்றுத் தந்தது, பாலினத்திலும் காதலிலும் எது 'இயல்பு' என்பதையே கேள்வி கேட்கும் குயர் கோட்பாடு. பல தடவை பார்த்த பழைய படங்களை இப்போது மறுபடி பார்க்கிறேன். இரண்டு தோழிகள் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துக்கொண்டால், நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுகிறேன்.